டாப்ஸியின் கணவர்னு மட்டும்தான் தெரியுமா? டென்மார்க்கின் மத்தியாஸ் போ யார்? முழு விவரம்

நடிகை டாப்ஸியின் கல்யாணச் செய்தி வந்தப்போதான் தமிழ்நாட்டில் பலரும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். மத்தியாஸ் போ. "டென்மார்க்கைச் சேர்ந்த பேட்மிண்டன் வீரராம்" என்று ஒரு வரியில் படித்துவிட்டு நகர்ந்தவர்கள்தான் அதிகம்.

ஆனா பேட்மிண்டன் பார்க்கிறவர்களிடம் கேட்டால் கதையே வேற. ஒலிம்பிக் ஆண்கள் இரட்டையரில் டென்மார்க்குக்கு இன்றுவரை கிடைத்த ஒரே பதக்கம், இவரும் இவருடைய ஜோடியும் வாங்கியது. இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி - சிராக் ஷெட்டி ஜோடி உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தபோது, கோர்ட் ஓரத்தில் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் இவர்தான்.

வீரராக ஒலிம்பிக் இறுதிப்போட்டி வரை போய்த் தங்கத்தைத் தவறவிட்டவர். பயிற்சியாளராகவும் அதே ஒலிம்பிக்கில் இரண்டு முறை ஏமாற்றம் கண்டவர். இருந்தும் இந்திய இரட்டையர் ஆட்டத்தின் வரலாற்றை எழுதினால் இவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

ஒரே பார்வையில் மத்தியாஸ் போ

• பிறப்பு: 1980 ஜூலை 11, ஃபிரெடெரிக்சுண்ட், டென்மார்க்
• ஆட்டம்: ஆண்கள் இரட்டையர், இடது கை வீரர்
• நீண்டகால ஜோடி: கார்ஸ்டன் மோகென்சன்
• ஒலிம்பிக்: 2012 லண்டனில் வெள்ளி
• உலக சாம்பியன்ஷிப்: 2013-ல் வெள்ளி
• ஆல் இங்கிலாந்து: 2011, 2015-ல் சாம்பியன்
• ஓய்வு: ஏப்ரல் 2020
• அதன்பின்: இந்திய இரட்டையர் பயிற்சியாளர்

டென்மார்க்கில் பேட்மிண்டனுக்கு என்ன வேலை?

பேட்மிண்டன் என்றாலே சீனா, இந்தோனேசியா, மலேசியா, கொரியா, ஜப்பான் என்று ஆசிய நாடுகள்தான் நினைவுக்கு வரும். நடுவில் டென்மார்க் எங்கிருந்து வந்தது?

சுமார் 60 லட்சம் பேர் மட்டுமே வாழும் சின்ன நாடு அது. வருஷத்தில் பாதி நாள் குளிர். வெளியில் விளையாட முடியாத அந்த மாதங்களில் ஊருக்கு ஊர் இருக்கும் உள்ளரங்கங்கள்தான் பிள்ளைகளுக்கு மைதானம். பள்ளி முடிந்ததும் கிளப், கிளப்பில் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்து ஆடுவது என்பது அங்கே சாதாரண விஷயம். அதில் தேறி வருகிறவர்கள், தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டிய பிரோண்ட்பியில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்குப் போவார்கள்.

இந்த ஏற்பாட்டிலிருந்துதான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பவுல்-எரிக் ஹோயர் வந்தார். டோக்கியோ, பாரிஸ் என அடுத்தடுத்து இரண்டு தங்கம் வென்ற விக்டர் ஆக்செல்சன் வந்தார். இரட்டையர் பிரிவில் 2003 உலக சாம்பியன்களான லார்ஸ் பாஸ்கே - யோனாஸ் ராஸ்முசன் ஜோடியும் வந்தது.

மத்தியாஸ் போவும் இதே வரிசையில் வந்தவர்தான். ஆனா ஒரு வித்தியாசம். அவர் சின்ன வயசிலேயே ஜொலித்த நட்சத்திரம் கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு டென்மார்க் அனுப்பிய இரண்டு ஆண்கள் இரட்டையர் ஜோடிகளில் அவர் இல்லை. முதல் ஒலிம்பிக்கில் கால் வைத்தபோது அவருக்கு வயது 32. பல வீரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது அது.

இரட்டையர் ஆட்டத்தில் ஜெயிப்பது யார்?

போவின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, இரட்டையர் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிவியில் பார்க்கும்போது நம் கண் போவது ஸ்மாஷ் மேலேதான். குதித்து எழும்பி, பலம் கொண்ட மட்டும் கீழே அடிப்பது. ஆனா அந்த ஸ்மாஷ் அடிக்கிற வாய்ப்பு எப்படி வருகிறது? எதிராளி ஷட்டிலை உயரமாகத் தூக்கிக் கொடுத்தால்தான் வரும். அப்படித் தூக்க வைப்பதுதான் இரட்டையர் ஆட்டத்தின் முதல் வேலை.

அதற்கான சண்டை சர்வீஸிலேயே ஆரம்பித்துவிடும். சர்வீஸ் போடுபவர் நெட்டை உரசுகிற மாதிரி தாழ்வாகப் போடுவார். எதிரில் நிற்பவர் பாய்ந்து வந்து அதை கீழ்நோக்கித் தட்டப் பார்ப்பார். சர்வீஸ் விரல் அளவு உயர்ந்தாலும் பாயிண்ட் போச்சு. சர்வீஸ், அதற்கான பதிலடி, அடுத்த அடி. இந்த முதல் மூன்று அடிகளிலேயே யார் தாக்குவது, யார் தடுப்பது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

தாக்கும் ஜோடி முன்னும் பின்னுமாக நிற்கும். பின்னால் நிற்பவர் ஸ்மாஷ் அடிப்பார். முன்னால் நிற்பவர் நெட் அருகே காத்திருந்து, திரும்பி வரும் ஷட்டிலை நடுவழியில் மடக்குவார். தடுக்கும் ஜோடி பக்கத்தில் பக்கத்தில் நின்று 6.1 மீட்டர் அகலக் கோர்ட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும்.

போ அந்த முன்னால் நிற்கும் ஆள். ஷட்டில் எங்கே வரப்போகிறது என்பதை எதிராளியின் மட்டையைப் பார்த்தே கணித்து, அது வருவதற்கு முன்பே அங்கே நிற்பதுதான் அவருடைய பலம். மோகென்சன் பின்னால் நின்று இடி மாதிரி அடிப்பார். போ முன்னால் நின்று முடித்து வைப்பார்.

இன்னொரு வசதியும் இந்த ஜோடிக்கு இருந்தது. போ இடது கை, மோகென்சன் வலது கை. இரண்டு வலது கைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒருவருடைய பலவீனமான பேக்ஹேண்ட் எப்போதும் கோர்ட்டின் நடுப்பகுதியில் வரும். எதிராளி அங்கேதான் குறி வைப்பார். இடதும் வலதும் கலந்த ஜோடியில் அந்தக் கணக்கு குழம்பிப் போகும். நிற்கும் இடத்தை மாற்றினால் எதிராளி குறி வைக்க வேண்டிய இடமும் மாறிவிடும்.

2011: முதல் பெரிய கோப்பை

இந்த ஜோடி உச்சத்துக்கு வந்தது 2010-க்குப் பிறகுதான். அந்தந்த ஆண்டின் சிறந்த ஜோடிகள் மட்டும் மோதும் சூப்பர் சீரிஸ் ஃபைனல்ஸ் பட்டத்தை 2010, 2011, 2012 என மூன்று சீசனுக்கும் தொடர்ச்சியாக இவர்களே தட்டிச் சென்றார்கள்.

இடையில் 2011 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து. 1899-ல் தொடங்கிய போட்டி இது. டென்னிஸுக்கு விம்பிள்டன் எப்படியோ, பேட்மிண்டனுக்கு இது அப்படி. இறுதிப்போட்டியில் எதிரே நின்றது மலேசியாவின் கூ கியென் கியெட் - டான் பூன் ஹியோங் ஜோடி. இதில் டான் பூன் ஹியோங் யாருன்னா, ஸ்மாஷ் வேகத்துக்கே பெயர் போனவர். பின்னர் 2013-ல் மணிக்கு 493 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து கின்னஸ் சாதனை படைத்தவர்.

முதல் கேமில் 15-21 என டென்மார்க் ஜோடிக்குத் தோல்வி. அடுத்த இரண்டையும் 21-18, 21-18 என்று எடுத்து கோப்பையை வாங்கிவிட்டார்கள். உலகின் வேகமான கைக்கு எதிராக, வேகத்தை மட்டும் நம்பாத ஆட்டம் ஜெயித்தது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

லண்டன் 2012: தங்கத்துக்கு ஒரு படி கீழே

2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் போ - மோகென்சன் ஜோடிக்கு எதிரே கொரியாவின் ஜுங் ஜே-சுங் - லீ யோங்-டே. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஜோடிகளில் ஒன்று. முதல் கேம் 17-21 எனக் கைவிட்டுப் போனது. இரண்டாவதை 21-18 என மீட்டார்கள். மூன்றாவது கேம் கடைசிவரை இழுபறி. 22-20. டென்மார்க் இறுதிப்போட்டியில்!

ஆகஸ்ட் 5, வெம்ப்ளி அரங்கம். எதிரே சீனாவின் காய் யுன் - ஃபூ ஹைஃபெங். ஏற்கெனவே பலமுறை உலக சாம்பியன் ஆன ஜோடி. 2005-ல் மணிக்கு 332 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துப் பேசப்பட்டவர் ஃபூ. அன்றைக்கு டென்மார்க் ஜோடியால் எழுந்திருக்கவே முடியவில்லை. 16-21, 15-21. அந்த ஒலிம்பிக்கில் பேட்மிண்டனின் ஐந்து தங்கத்தையும் சீனாவே அள்ளிக்கொண்டு போனது.

கிடைத்தது வெள்ளி. ஆனா அதன் மதிப்பு காலம் போகப் போகத்தான் தெரிந்தது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, ஒலிம்பிக் ஆண்கள் இரட்டையரில் எந்த டென்மார்க் ஜோடியும் பதக்கம் வாங்கவில்லை. 2024 பாரிஸில் கிம் ஆஸ்ட்ரப் - ஆண்டர்ஸ் ராஸ்முசன் ஜோடி வெண்கலப் போட்டி வரை வந்து தோற்றது.

மறுபடியும் வெள்ளி, பிறகு ஒரு பதிலடி

2013 உலக சாம்பியன்ஷிப், சீனாவின் குவாங்சோ. மீண்டும் இறுதிப்போட்டி. மீண்டும் தோல்வி. இந்த முறை இந்தோனேசியாவின் முகமது அசான் - ஹெண்ட்ரா செட்டியாவான் ஜோடியிடம் 13-21, 21-23. ஒலிம்பிக்கிலும் வெள்ளி, உலக சாம்பியன்ஷிப்பிலும் வெள்ளி.

2015 ஆல் இங்கிலாந்து இறுதிப்போட்டியில் கணக்குத் தீர்க்க ஒரு வாய்ப்பு வந்தது. எதிரே அதே ஃபூ ஹைஃபெங், ஆனா புது ஜோடி ஜாங் நான் உடன். 21-17, 22-20 என்று நேர் கேம்களில் போ ஜோடி வென்றது. 34 வயதில் இரண்டாவது ஆல் இங்கிலாந்து பட்டம். தோற்ற ஃபூ - ஜாங் ஜோடிதான் அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது என்பதை வைத்து இந்த வெற்றியின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

2016: கோர்ட்டுக்கு வெளியே வந்த அடி

ரியோ ஒலிம்பிக் ஆண்டு. ஜனவரியில் பிரீமியர் பேட்மிண்டன் லீக் ஆட இந்தியா வந்திருந்தார் மோகென்சன். இங்கே இருந்தபோதுதான் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அவசரமாக அறுவைச் சிகிச்சை. அப்போது அவருக்கு வயது 32.

உயிர் பிழைத்தாரே என்பதே பெரிய நிம்மதியாக இருந்த நேரம். மட்டை பிடிப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. ஆனா சில மாதங்களிலேயே பயிற்சிக்குத் திரும்பி, ஆகஸ்டில் ரியோவில் போவுடன் களமிறங்கினார் மோகென்சன். அங்கே லீக் சுற்றோடு வெளியேறினார்கள். முடிவை மட்டும் பார்த்தால் தோல்வி. ஏழு மாதம் முன்பு நடந்ததை வைத்துப் பார்த்தால், கோர்ட்டில் இரண்டு பேரும் நின்றதே பெரிய சேதி.

இரட்டையர் ஆட்டத்தில் இது ஒரு நெருக்கடி. ஒற்றையர் வீரருக்குத் தன் உடம்பு மட்டும் ஒத்துழைத்தால் போதும். இரட்டையரில் ஒருவருக்கு அடிபட்டால் இருவருடைய ஆட்டமும் நின்றுபோகும். இந்த ஜோடி அதிலிருந்து மீண்டு வந்தது.

37 வயதில் ஒரு இறுதிப்போட்டி

ரியோவோடு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். 2017-ல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை வென்றார்கள். அதே ஆண்டு கொரியா ஓபனில், உலகையே மிரட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியாவின் மார்கஸ் கிடியோன் - கெவின் சுகமுல்ஜோ ஜோடியை இறுதிப்போட்டியில் 21-19, 19-21, 21-15 என வீழ்த்தினார்கள். தங்களைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளைய, மின்னல் வேகத்தில் ஆடும் சுகமுல்ஜோவை எதிர்த்து!

2018 மார்ச்சில் மீண்டும் ஆல் இங்கிலாந்து இறுதிப்போட்டி. இந்த முறை கிடியோன் ஜோடி 21-18, 21-17 என ஜெயித்தது. அப்போது போவுக்கு வயது 37.

அதன்பின் மோகென்சனுடனான ஜோடி பிரிந்தது. மேட்ஸ் கோன்ராட்-பீட்டர்சனுடன் சேர்ந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முயன்றார் போ. கொரோனா வந்தது. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. 40 வயதை நெருங்கும் ஒருவருக்கு ஓராண்டு என்பது சின்ன விஷயம் இல்லை. 2020 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

பயிற்சியாளராக இந்தியாவுக்கு

போவுக்கு இந்தியா புதுசு இல்லை. லீக் போட்டிகளுக்காகப் பல ஆண்டுகள் வந்து போனவர். டாப்ஸி இணை உரிமையாளராக இருந்த புனே 7 ஏசஸ் அணிக்காகவும் ஆடியிருக்கிறார். 2021-ன் தொடக்கத்தில், டோக்கியோவைக் குறிவைத்து இந்திய இரட்டையர் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

கையில் கிடைத்தது சாத்விக் - சிராக் ஜோடி. ஆந்திராவின் அமலாபுரத்திலிருந்து வந்த சாத்விக்குக்கு ஸ்மாஷ் பலம். மும்பையைச் சேர்ந்த சிராக்குக்கு ஆக்ரோஷம். இருவரையும் முதலில் ஜோடி சேர்த்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். திறமை இருந்தது, ஆனா பெரிய போட்டிகளின் கடைசிக் கட்டத்தில் நிலைத்து நிற்க வேண்டியிருந்தது.

டோக்கியோவில் நடந்தது ஒரு விசித்திரம். முதல் ஆட்டத்திலேயே தைவானின் லீ யாங் - வாங் சி-லின் ஜோடியை 21-16, 16-21, 27-25 என சாத்விக் ஜோடி வீழ்த்தியது. அடுத்து கிடியோன் - சுகமுல்ஜோவிடம் நேர் கேம்களில் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் பிரிட்டன் ஜோடியை நேர் கேம்களில் வென்றார்கள். மூணில் ரெண்டு ஜெயிச்சாச்சு, காலிறுதி உறுதிதானே?

இல்லை. கிடியோன் ஜோடியைத் தைவான் ஜோடி தோற்கடித்துவிட்டது. மூன்று ஜோடிகளுக்கும் தலா இரண்டு வெற்றி. உடனே கேம் கணக்கைப் பார்த்தார்கள். இந்தோனேசியா 5 கேம் வென்று 2 இழந்திருந்தது. தைவான் 5 வென்று 3 இழந்திருந்தது. இந்தியா 4 வென்று 3 இழந்திருந்தது. முதல் இரண்டு ஜோடிகளுக்குத்தான் காலிறுதி. இந்தியா வெளியே.

அந்தத் தைவான் ஜோடிதான் கடைசியில் தங்கம் வென்றது. அந்த ஒலிம்பிக்கில் அவர்களைத் தோற்கடித்த ஒரே ஜோடி இந்திய ஜோடி. தங்கம் வென்றவர்களை வென்றும் காலிறுதிக்குப் போக முடியாமல் ஊர் திரும்பினார்கள் சாத்விக்கும் சிராக்கும். போவின் அந்த ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது.

சொந்த நாட்டுக்கு எதிராக

சிறு இடைவெளிக்குப் பிறகு 2022-ல் போ மறுபடியும் இந்திய அணியோடு சேர்ந்தார். மே மாதம் பாங்காக்கில் தாமஸ் கோப்பை. ஆண்கள் அணிகளுக்கான உலகக் கோப்பை மாதிரி இது. இந்தியா அதுவரை ஒருமுறைகூட இறுதிப்போட்டிக்குப் போனதில்லை.

அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிரே வந்தது யார் தெரியுமா? டென்மார்க்! பயிற்சியாளர் போ இந்தியா பக்கம். எதிரே அவர் பிறந்த நாடு. கிம் ஆஸ்ட்ரப் - மத்தியாஸ் கிறிஸ்டியன்சன் ஜோடியை சாத்விக் - சிராக் 21-18, 21-23, 22-20 எனப் போராடி வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் பிரணாய் ஜெயிக்க, 3-2 என இந்தியா இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது.

இறுதிப்போட்டியில் 14 முறை சாம்பியனான இந்தோனேசியா. இரட்டையர் ஆட்டத்தில் சாத்விக் ஜோடிக்கு எதிரே முகமது அசானும் கெவின் சுகமுல்ஜோவும். பெயர்களைக் கவனியுங்கள். 2013 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் போவைத் தோற்கடித்தவர் அசான். 2018 ஆல் இங்கிலாந்து இறுதியில் போவைத் தோற்கடித்தவர் சுகமுல்ஜோ. சாத்விக் ஜோடி முதல் கேமை 18-21 என இழந்தது. இரண்டாவதில் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு 23-21. மூன்றாவது 21-19. இந்தியா 3-0 என முதல்முறையாக தாமஸ் கோப்பையை வென்றது.

565 கிலோமீட்டர் வேகமும் முதலிடமும்

அதன்பிறகு வெற்றிகள் வரிசையாக வந்தன. 2022-ல் காமன்வெல்த் தங்கம், உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். உலக சாம்பியன்ஷிப்பில் இந்திய ஆண்கள் இரட்டையர் ஜோடி ஒன்று பதக்கம் வென்றது அதுவே முதல்முறை.

2023 இன்னும் பெரியது.

• துபாயில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். 1965-ல் தினேஷ் கன்னா வென்றதற்குப் பிறகு இந்தியாவுக்கு 58 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம்.
• இந்தோனேசியா ஓபன் பட்டம். சூப்பர் 1000 தரப் போட்டியை இந்திய இரட்டையர் ஜோடி வென்றது முதல்முறை.
• சுவிஸ் ஓபன், கொரியா ஓபன் பட்டங்கள்.
• அக்டோபர் 7-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். ஆசிய விளையாட்டு பேட்மிண்டனில் இந்தியாவின் முதல் தங்கம்.
• அக்டோபர் 10-ல் உலகத் தரவரிசையில் முதலிடம்.

இதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் சாத்விக் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்தார். கின்னஸ் சாதனை. முறியடிக்கப்பட்டது யாருடைய சாதனை? டான் பூன் ஹியோங்கின் 493. ஆமாம், 2011 ஆல் இங்கிலாந்து இறுதியில் போ ஜோடி வீழ்த்திய அதே மலேசிய வீரர்.

இங்கேதான் போவின் பங்கு புரிகிறது. வேகமான ஸ்மாஷை எப்படிச் சமாளிப்பது என்பது வீரராக அவர் காலமெல்லாம் செய்த வேலை. மட்டையை விட்டுக் கிளம்பும்போது 565 கிலோமீட்டர் இருந்தாலும், இறகு காற்றில் சிக்கி வேகம் சடசடவெனக் குறையும். எதிராளியைச் சேரும்போது பாதிகூட இருக்காது. நல்ல தடுப்பாட்டக்காரர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போது முன்னால் நிற்பவர் தயாராக இல்லையென்றால் ஸ்மாஷ் வீண்.

போ வந்த பிறகு சாத்விக் - சிராக் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இதுதான். சாத்விக் பின்னால், சிராக் முன்னால் என்ற ஒரே அமைப்பை நம்பி இருந்த ஜோடி, இருவரும் இடம் மாறி ஆடும் ஜோடியானது. பின்னாலிருந்து அடிக்கும் சாத்விக் நெட் அருகேயும் வந்து முடித்துவைத்தார். சிராக் பின்னால் போய் அடித்தார். சர்வீஸிலும் தடுப்பாட்டத்திலும் நிதானம் கூடியது. பலம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பலத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பை உருவாக்கும் ஆட்டம் கூடுதலாக வந்து சேர்ந்தது.

பாரிஸ் 2024: மறுபடியும் ஒலிம்பிக்

2024 மார்ச்சில் பிரெஞ்ச் ஓபன், மே மாதம் தாய்லாந்து ஓபன் என்று பட்டங்களோடு பாரிஸ் போனது இந்திய ஜோடி. இந்த முறை பதக்கம் நிச்சயம் என்று நாடே எதிர்பார்த்தது. லீக் சுற்றில் முதலிடம்.

ஆகஸ்ட் 1, காலிறுதி. எதிரே மலேசியாவின் ஆரோன் சியா - சோ வூய் யிக். முதல் கேமை 21-13 என்று அலட்டிக்கொள்ளாமல் எடுத்தார்கள். இரண்டாவது 14-21. மூன்றாவதில் முன்னும் பின்னுமாக இழுத்து, கடைசியில் 16-21. முடிந்தது. வென்ற மலேசிய ஜோடி வெண்கலம் வாங்கியது.

அடுத்த சில நாட்களில் போ சமூக வலைதளத்தில் ஒரு பதிவு போட்டார். தன் பயிற்சியாளர் பயணம் இத்தோடு முடிகிறது, குறைந்தபட்சம் இப்போதைக்கு, என்பதுதான் சாரம். உடம்பும் மனசும் களைத்துப்போனதை மறைக்காமல் சொல்லியிருந்தார்.

அந்தக் களைப்பு எங்கிருந்து வந்தது என்பதை யூகிப்பது கஷ்டம் இல்லை. 2012-ல் தங்கத்துக்கு ஒரு ஆட்டம் முன்னால் நின்றது. 2016-ல் ஜோடிக்கு வந்த மூளை ரத்தக்கசிவு. 2020-ல் தள்ளிப்போன ஒலிம்பிக். 2021-ல் கேம் கணக்கில் வெளியேறியது. 2024-ல் காலிறுதி. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒலிம்பிக் அவருக்குக் கொடுத்தது ஒரு வெள்ளி மட்டும்.

டாப்ஸியும் "ஆடுகளமும்"

டாப்ஸி தமிழுக்கு அறிமுகமானது வெற்றிமாறன் இயக்கி, தனுஷ் நடித்த ஆடுகளம் படத்தில். படம் வெளியானது 2011 ஜனவரி பொங்கலுக்கு. இரண்டு மாதம் கழித்து, பிர்மிங்காமில் போ தன் முதல் ஆல் இங்கிலாந்து கோப்பையைத் தூக்கினார். அப்போது அவர் வேறு ஆடுகளத்தில், இவர் வேறு ஆடுகளத்தில்.

பல ஆண்டுகள் பழகிய இருவரும் தங்கள் உறவை விளம்பரப்படுத்தவே இல்லை. 2024 மார்ச்சில் உதய்ப்பூரில் குடும்பத்தினர், நெருங்கிய நண்பர்கள் முன்னிலையில் திருமண நிகழ்ச்சி நடந்தது. அடுத்த சில மாதங்களில் பாரிஸ் ஒலிம்பிக் அரங்கில் இந்திய ஜோடிக்காகக் குரல் கொடுத்தவர்களில் டாப்ஸியும் ஒருவர்.

போவுக்குப் பிறகு என்ன ஆச்சு?

சாத்விக் - சிராக் ஜோடியைத் தொடக்கத்தில் உருவாக்கிய டான் கிம் ஹெர் மீண்டும் பயிற்சியாளராக வந்தார். 2025 ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப் பாரிஸில் நடந்தது. ஒலிம்பிக் நடந்த அதே அரங்கம். காலிறுதியில் எதிரே அதே ஆரோன் சியா - சோ வூய் யிக். இந்த முறை 21-12, 21-19 என்று நேர் கேம்களில் இந்திய ஜோடி வென்று, இரண்டாவது உலக சாம்பியன்ஷிப் பதக்கமாக வெண்கலத்தை உறுதி செய்தது.

அந்த வெற்றியின்போது பயிற்சியாளர் நாற்காலியில் போ இல்லை. ஆனா நெட் அருகே ஓடிவந்து மடக்குவது, கடைசிப் பாயிண்டுகளில் பதறாமல் சர்வீஸ் போடுவது, ஸ்மாஷ் அடிக்கும் வாய்ப்பை முதலில் உருவாக்குவது என அந்த ஜோடி இன்று ஆடும் ஆட்டத்தில் அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது நிறைய இருக்கிறது.

இரட்டையர் பேட்மிண்டனில் கைதட்டல் பெரும்பாலும் ஸ்மாஷ் அடிப்பவருக்குத்தான். முன்னால் நின்று அந்த ஸ்மாஷுக்கு வழி செய்பவரைப் பலரும் கவனிப்பதில்லை. வீரராக இருபது ஆண்டும், பயிற்சியாளராக சில ஆண்டும் மத்தியாஸ் போ செய்தது அந்த வேலையைத்தான். அடுத்த முறை சாத்விக் - சிராக் ஆட்டம் டிவியில் ஓடும்போது, சாத்விக் அடிக்கும் ஸ்மாஷுக்கு முந்தைய இரண்டு அடியை மட்டும் கவனித்துப் பாருங்கள். அந்த வேலை என்னவென்று தெரிந்துவிடும்.